அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் கண்காணிப்பு: எங்கே கிள்ளுவது, எத்தனை துண்டு, எந்த பாட்டிலில்

எண்டோஸ்கோபி அறைக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் மருத்துவர், செவிலியர், டெக்னீஷியன் ஆகிய மூவருக்குமான குறிப்பு இது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலின் உட்படலத்தை ஆண்டுக்கணக்கில் புண்ணாக்கி, ஆற்றி, மறுபடி புண்ணாக்கும். சிலருக்கு இந்தத் தேய்மானம் புற்றுநோயில் போய் முடிகிறது. அதற்கு முன்னால் டிஸ்பிளேசியா என்றொரு நிலை உண்டு. செல்களின் உருவம் கெட்டுவிட்டிருக்கும், ஆனால் ஆழத்துக்கு இறங்கியிருக்காது. அந்த நிலையிலேயே பிடித்துவிடத்தான் கண்காணிப்புக் கொலோனோஸ்கோபி.

சிக்கல் என்னவென்றால், சாதாரண ஆளின் குடலில் புற்றுநோய்க்கு முந்தைய கட்டி பெரும்பாலும் பாலிப்பாகத் துருத்திக்கொண்டு நிற்கும். கொலைட்டிஸ் குடலில் அது தட்டையாக, ஓரம் பிடிபடாமல், பழைய தழும்புகளுக்கும், புண் ஆறிய இடத்தில் எஞ்சும் மேடுகளான போலிப் பாலிப்புகளுக்கும் நடுவே ஒளிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாததைக் கணக்குப் போட்டுத் திசுத் துண்டுகளாகக் கிள்ளி (அதாவது பயாப்ஸி எடுத்து) பிடிப்போம் என்ற யோசனையில்தான் "10 செ.மீ.க்கு நாலு துண்டு" விதி பிறந்தது. அன்றைய கேமராக்களுக்கு அது சரி. இன்று அந்த விதி யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்று பிரித்தறிவதுதான் புதிதாக வருபவர் முதலில் கற்க வேண்டியது.

யாருக்கு, எப்போதிலிருந்து

2001இல் வந்த ஈடன் குழுவினரின் தொகுப்பாய்வு 116 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, புற்றுநோய் அபாயம் 10 ஆண்டில் 2%, 20 ஆண்டில் 8%, 30 ஆண்டில் 18% என்று சொன்னது. பிறகு வந்த கணக்குகள் இதைவிடக் குறைவாகவே காட்டுகின்றன. மருந்துகள் மேம்பட்டதும் ஒரு காரணம். ஆனாலும் ஆண்டு ஏற ஏற அபாயம் ஏறும் என்பது மாறவில்லை.

முதல் கண்காணிப்பு, அறிகுறி தொடங்கி 8 ஆண்டு ஆனதும். நோய் கண்டுபிடிக்கப்பட்ட தேதியை வைத்துக் கணக்கிடாதீர்கள். மூன்று வருடம் "மூலம்" என்று நினைத்து ரத்தப்போக்கோடு இருந்துவிட்டு வந்தவருக்கு அந்த மூன்று வருடமும் கணக்கில் சேரும். பித்தக்குழாய்கள் தடித்துச் சுருங்கும் பிரைமரி ஸ்கிளீரோசிங் கொலாஞ்சைட்டிஸ், அதாவது பி.எஸ்.சி., சேர்ந்து இருந்தால் எட்டு ஆண்டு பொறுக்கக் கூடாது. அது தெரிந்த நாளிலிருந்தே ஆண்டுதோறும் பார்க்க வேண்டும்.

நோய் மலக்குடலோடு நின்றிருந்தால் இந்தக் கண்காணிப்பு வேண்டியதில்லை. இங்கேதான் அடிக்கடி தவறு நடக்கிறது. இன்றைக்கு ஸ்கோப்பில் மலக்குடல் மட்டும் சிவந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு "புரோக்டைட்டிஸ்தான், கண்காணிப்பு வேண்டாம்" என்று எழுதிவிடுகிறார்கள். பத்து வருடத்துக்கு முந்தைய ஃபைலைப் புரட்டினால் குடல் முழுவதும் நோய் இருந்த பயாப்ஸி கிடைக்கும். நோயின் பரப்பு என்பது அதுவரை எட்டிய அதிகபட்சப் பரப்பு. இன்றைய தோற்றத்தை வைத்து அதைக் குறைத்து எழுத முடியாது.

அடுத்தடுத்த இடைவெளி 1, 3, 5 ஆண்டு என்று ஆபத்தைப் பொறுத்து மாறும். 2019 பிரிட்டிஷ் வழிகாட்டுதலின் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்வது எளிது. பி.எஸ்.சி., கடந்த 5 ஆண்டில் டிஸ்பிளேசியா அல்லது குடல் சுருக்கம், பெரும்பரப்பில் மிதமான அல்லது கடுமையான அழற்சி, 50 வயதுக்கு முன்பே குடல் புற்றுநோய் வந்த பெற்றோரோ உடன்பிறந்தவரோ பிள்ளையோ என இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை. லேசான அழற்சி, போலிப் பாலிப்புகள், 50 வயதுக்குப் பின் புற்றுநோய் வந்த நெருங்கிய உறவினர் என்றால் மூன்று ஆண்டு. இவை எதுவும் இல்லாமல் குடல் அமைதியாக இருந்தால் ஐந்து ஆண்டு.

நாள் குறிக்கும்போது

நோய் அடங்கியிருக்கும் காலத்தில் செய்வது நல்லது. அழற்சியில் வெந்துகிடக்கும் செல்களும் டிஸ்பிளேசியா செல்களும் நுண்ணோக்கியில் அண்ணன் தம்பி போல இருக்கும். நோயியல் மருத்துவர் "உறுதியாகச் சொல்ல முடியவில்லை" என்று எழுதி அனுப்பிவிடுவார். மலத்தில் அழற்சியைக் காட்டும் கால்புரோடெக்டின் என்ற புரதத்தின் அளவைப் பார்த்து, அதிகமாக இருந்தால் மருந்தைச் சரிசெய்துவிட்டு வரச் சொல்லலாம். ஆனால் அடங்காத நோயோடு வருடக்கணக்கில் தள்ளிப் போடுவது அதைவிடப் பெரிய தப்பு, ஏனென்றால் அபாயம் கூடுதலாக இருப்பதே அவருக்குத்தான். இரண்டு மூன்று மாதம் முயன்றும் அடங்கவில்லையென்றால் அந்த நிலையிலேயே பார்த்துவிடுங்கள்.

குடல் சுத்தம் அரைகுறையாக இருந்தால் அன்றைய வேலை வீண். பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலை இரண்டாகப் பிரித்து, பாதியை முதல் நாள் மாலையிலும் மீதியை அன்று காலையிலும் குடிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது பாதியைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பு தொடங்கி, 2 மணி நேரத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். சோடியம் பாஸ்பேட் கலந்த மருந்து வேண்டாம். அது தானே சிறு சிறு புண்களை உண்டாக்கி, நோய் திரும்பிவிட்டதோ என்று நம்மைக் குழப்பும். குடல் சுத்தத்தை மதிப்பிடும் பாஸ்டன் அளவுகோலில் வலது, நடு, இடது ஒவ்வொன்றும் குறைந்தது 2 மதிப்பெண் பெற வேண்டும். பெறவில்லையென்றால் கழுவிப் பாருங்கள். கழுவியும் தேறாவிட்டால் இன்னொரு நாள் வரச் சொல்வதே நேர்மை. அழுக்குக் குடலில் எத்தனை துண்டு எடுத்தாலும் அது யாரையும் காப்பாற்றாது.

ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் சாப்பிடுபவருக்கு வெறும் பயாப்ஸி எடுக்க அவற்றை நிறுத்த வேண்டியதில்லை. கட்டியை வெட்டி எடுக்கும் வாய்ப்பு இருந்தால் மட்டும் முன்கூட்டியே இதய மருத்துவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த முறை: ஸ்கோப்பை எடுக்கும் முன்பே முடிவு செய்யுங்கள்

இரண்டு வழி உண்டு. ஒன்று, குறிபார்த்து எடுப்பது: சாயம் தெளித்தோ, ஸ்கோப்பிலேயே இருக்கும், படத்தின் நிறத்தை மாற்றிக் காட்டும் டிஜிட்டல் சாயத்தாலோ குடலைத் துலக்கிப் பார்த்து, சந்தேகமான இடத்தில் மட்டும் கிள்ளுவது. மற்றொன்று, இடம் பாராமல் எடுப்பது: ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் நாலு பக்கமும் ஒவ்வொரு துண்டு.

1992இல் ரூபின் குழுவினர் போட்ட கணக்கில், டிஸ்பிளேசியா இருந்தால் அதை 90% நம்பிக்கையோடு பிடிக்க 33 துண்டு வேண்டும் என்று வந்தது. அன்றிலிருந்து 32, 33 என்ற எண் எல்லார் வாயிலும் இருக்கிறது. ஆனால் அத்தனை துண்டையும் சேர்த்தாலும் குடல் பரப்பில் ஒரு சதவீதம்கூடத் தேறாது. ஜப்பானில் 2016இல் வெளியான ஒரு ஒப்பீட்டு ஆய்வில், குறிபார்த்து எடுத்த குழுவில் ஆளுக்குச் சராசரியாக 3.1 துண்டும், இடம் பாராமல் எடுத்த குழுவில் 34.8 துண்டும் எடுத்தார்கள். டிஸ்பிளேசியா கண்டுபிடிக்கப்பட்டவர்களின் விகிதம் முறையே 11.4%, 9.3%. அதாவது பத்துப் பங்கு அதிகம் கிள்ளியும் கூடுதலாக ஒன்றும் சிக்கவில்லை.

அப்படியானால் இடம் பாராமல் எடுப்பதைக் கைவிட்டுவிடலாமா? அவசரப்பட வேண்டாம். 2018இல் வந்த பிரெஞ்சு ஆய்வு ஒன்று 1,000 பேருக்குச் சாயம் தெளித்துப் பார்த்ததோடு இடம் பாராமலும் துண்டுகள் எடுத்தது. மொத்தம் 31,865 துண்டுகளில் டிஸ்பிளேசியா இருந்தவை 0.2% மட்டுமே. ஆனால் நியோபிளாசியா (டிஸ்பிளேசியா அல்லது புற்றுநோய்) இருந்த 94 பேரில் 12 பேருக்கு அது இந்தத் துண்டுகளில் மட்டும்தான் தெரிந்தது. அப்படிச் சிக்கியதோடு தொடர்புடையவை மூன்று: முன்பே டிஸ்பிளேசியா வந்திருப்பது, பி.எஸ்.சி., மடிப்பெல்லாம் அழிந்து குழாய்போல் ஆகிவிட்ட குடல். இந்த மூன்றையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

ஆக, நடைமுறை இப்படி அமைகிறது. உயர் தெளிவு ஸ்கோப்பும் சாயமும் இருக்கின்றன, நோயாளிக்கு அந்த மூன்றும் இல்லை என்றால் குறிபார்த்து மட்டும் எடுங்கள். அதோடு அழற்சியின் அளவைப் பார்க்க ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு துண்டு. அந்த மூன்றில் ஒன்று இருந்தால் சாயத்தோடு 10 செ.மீ. துண்டுகளும் வேண்டும். உயர் தெளிவு ஸ்கோப் இருந்தும் வெறும் வெள்ளை ஒளியில்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றாலும் 10 செ.மீ. துண்டுகள் வேண்டும். பழைய தெளிவு குறைந்த ஸ்கோப்பை வைத்துக்கொண்டு சாயமும் இல்லாமல் கண்காணிப்பு செய்வதைவிட, வசதியுள்ள இடத்துக்கு அனுப்பிவிடலாம். 2015இல் வந்த சீனிக் என்ற பன்னாட்டு நிபுணர் குழுவின் ஒருமித்த கருத்தும் தெளிவு குறைந்த ஸ்கோப்புக்குப் பதில் உயர் தெளிவு ஸ்கோப்பையே பரிந்துரைத்தது. அப்போது டிஜிட்டல் சாயத்தின்மேல் அவர்களுக்கு நம்பிக்கை இல்லை. 2021இல் வந்த அமெரிக்க நிபுணர் ஆலோசனை, உயர் தெளிவு ஸ்கோப்போடு என்றால் அதையும் ஏற்றுக்கொள்கிறது.

சாயம் கலப்பது

இது டெக்னீஷியனின் சமையல். அளவு பிசகினால் திரை இருட்டிவிடும், அல்லது ஒன்றுமே தெரியாது.

மெத்திலீன் நீலம்: 1% ஆம்பூல் 10 மி.லி.யை 240 மி.லி. தண்ணீரில் கலந்தால் 0.04% கரைசல் 250 மி.லி. கிடைக்கும். முழுக் குடலுக்கும் தெளிக்க இதுதான். ஆம்பூலில் 0.5% என்று போட்டிருந்தால் 20 மி.லி. எடுத்து 230 மி.லி. தண்ணீரில் கலக்க வேண்டும். ஆம்பூலை உடைக்கும் முன் சதவீதத்தை வாய்விட்டுப் படியுங்கள்.

இன்டிகோ கார்மைன்: 0.8% ஆம்பூல், 5 மி.லி. வீதம் இரண்டு, 250 மி.லி. தண்ணீரில். 0.03% வரும்.

ஒரு இடத்தை மட்டும் கூர்ந்து பார்க்கக் கெட்டியான கரைசல் வேண்டும். 1% மெத்திலீன் நீலம் 10 மி.லி.க்குத் தண்ணீர் 40 மி.லி.; இன்டிகோ கார்மைன் என்றால் ஒரு 5 மி.லி. ஆம்பூலுக்கு 25 மி.லி. இதை 50 மி.லி. சிரிஞ்சில் ஏற்றித் தனியாக வையுங்கள்.

இரண்டும் வேலை செய்யும் விதம் வேறு. மெத்திலீன் நீலத்தை ஆரோக்கியமான செல்கள் உறிஞ்சும். அதற்கு ஒரு நிமிடம் போல ஆகும், அதுவரை பொறுக்க வேண்டும். டிஸ்பிளேசியா உள்ள இடம் சரியாக உறிஞ்சாமல் வெளிறியோ திட்டுத்திட்டாகவோ நிற்கும். இன்டிகோ கார்மைன் உறிஞ்சப்படாது, பள்ளங்களில் தேங்கி நிற்கும். கைநாட்டு வைக்கும் பெருவிரலில் மை ஏறியதும் ரேகைகள் எழுந்து தெரிவதுபோல, சளிப்படலத்தின் நுண்வரிகள் எழுந்து வரும். ஓரிடத்தில் அந்த வரிகள் சட்டென்று அறுந்தால் அங்கே நிறுத்துங்கள்.

மெத்திலீன் நீலம் தெளிப்பதற்கு முன் இரண்டு கேள்வி. ஜி-6-பி.டி. என்ற நொதியின் குறைபாடு உண்டா? இருந்தால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும் ஆபத்து உண்டு, இன்டிகோ கார்மைனுக்கோ டிஜிட்டல் சாயத்துக்கோ மாறுங்கள். மனச்சோர்வுக்கு செரடோனின் வகை மாத்திரை சாப்பிடுகிறாரா? அப்படியானால் மருத்துவரிடம் சொல்லிவிட்டே ஆம்பூலைத் தொடுங்கள்.

உள்ளே போகும்போதும் திரும்பும்போதும்

போகும்போது கழுவும் வேலை, திரும்பும்போது பார்க்கும் வேலை. பெருங்குடலின் தொடக்கமான சீக்கம்வரை போகும் வழியிலேயே மிச்ச மலத்தையும் சளியையும் கழுவி உறிஞ்சிவிடுங்கள். நுரை இருந்தால் சிமெத்திகோன் கலந்த தண்ணீர். குடல்வால் துளையையும் வால்வையும் படம் எடுங்கள். குடல் அலைபாய்ந்தால் ஹயோசின் பியூட்டைல் புரோமைடு 20 மி.கி. ஊசி உதவும், கிளாக்கோமா, இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கு யோசித்துப் போடுங்கள்.

இப்போது பம்பில் தண்ணீர் பாட்டிலைக் கழற்றிச் சாய பாட்டிலை மாட்டுங்கள். குழாயில் தேங்கிய தண்ணீர் வெளியேறும்வரை முதலில் வெறும் தண்ணீர்தான் வரும், பதற வேண்டாம். குடலின் மேல்சுவரைப் பார்த்துத் தெளியுங்கள். சாயம் தானாக வழிந்து கீழ்ச்சுவரை நனைக்கும். கீழே மட்டும் தெளித்தால் குட்டைபோல் தேங்கி நிற்கும், மேல்பக்கம் வெறுமையாக இருக்கும். 20 முதல் 30 செ.மீ. வரை தெளித்துக்கொண்டே பின்வாங்குங்கள், மறுபடி உள்ளே போய்த் தேங்கியதை உறிஞ்சுங்கள், பிறகு நிதானமாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள். அந்தப் பகுதி முடிந்ததும் அடுத்தது. வலதுபக்கக் குடலை நோயாளி இடதுபுறம் படுத்திருக்கும்போதும், குறுக்குக் குடலை மல்லாந்திருக்கும்போதும், இடதுபக்கக் குடலை வலதுபுறம் திரும்பியிருக்கும்போதும் பார்த்தால் நன்றாக விரியும். சாதாரணக் கொலோனோஸ்கோபியில் திரும்பி வர 6 நிமிடம் போதும் என்பார்கள். இங்கே அந்தக் கணக்கு செல்லாது. சாயம் மட்டுமே கூடுதலாகப் பத்து நிமிடம் கேட்கும். இதற்கான நேரத்தை அன்றைய பட்டியலில் ஒதுக்காமல் நடுவில் ஒருவரைச் செருகினால், அவசரத்துக்குப் பலியாவது கண்காணிப்புதான்.

எதைத் தேடுகிறோம்? சுற்றுப்புறத்திலிருந்து நிறம் மாறிய திட்டு, லேசான மேடு, வெல்வெட் போன்ற பரப்பு, குழிவு, ரத்தநாள வரிகள் அறுந்த இடம், வரிகள் குலைந்த இடம். பாலிப்புகளில், சளிப்படலத் துளைகளின் தோற்றத்தைக் குடோ வகைப்படுத்திய வடிவங்கள் நம்பகமாகக் கைகொடுக்கும். ஆறிவரும் கொலைட்டிஸ் குடல் அதே வடிவங்களைப் போலியாகக் காட்டும் என்பதால் இங்கே அதை மட்டும் நம்பி எதையும் ஒதுக்காதீர்கள்.

போலிப் பாலிப்புகள் கொத்துக் கொத்தாக இருந்தால் எல்லாவற்றையும் கிள்ள முடியாது, கிள்ளவும் வேண்டாம். கூட்டத்தில் வேறு நிறமாக, புண்ணோடு, ஒழுங்கற்ற பரப்போடு தனித்து நிற்பதைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு துண்டு எடுக்கும் விதம்

துண்டு கிள்ளும் சாதாரண ஃபோர்செப்ஸ் மூடிய நிலையில் சுமார் 2.5 மி.மீ. தடிமன் இருக்கும். இந்த எண் பயாப்ஸிக்கு மட்டுமல்ல, அளவுகோலாகவும் உதவும். மேட்டின் பக்கத்தில் மூடிய தாடையை வைத்துப் பாருங்கள். தாடையைவிட உயரமாக இருந்தால் பாலிப் வகை, தாழ்வாக இருந்தால் தட்டை வகை. திறந்த தாடையின் அகலம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், உறையில் அச்சிட்டிருக்கும். அதைத் தெரிந்து வைத்தால் கட்டியின் அகலத்தையும் கண்ணால் ஊகிக்காமல் சொல்லலாம்.

ஃபோர்செப்ஸை ஸ்கோப் முனைக்கு வெளியே ஓரிரு செ.மீ. மட்டும் நீட்டுங்கள். நீளமாக நீட்டினால் வளைந்து வழுக்கும். "ஓப்பன்" என்று சொல்லி, முனையைச் சுவரை நோக்கித் திருப்பி, கொஞ்சம் காற்றை உறிஞ்சுங்கள். சுவர் தானாகவே தாடைக்குள் வந்து படியும். லேசாக அழுத்தி "க்ளோஸ்". செவிலியர் மெதுவாக, ஆனால் முழுவதும் மூட வேண்டும். டபக்கென்று மூடினால் திசு நழுவும், அரைகுறையாக மூடினால் நசுங்கும். இழுக்கும்போது சளிப்படலம் சின்னக் கூடாரம்போல் எழும்பி, சட்டென்று விடும். கையில் வருவது எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு துண்டு. கூடாரமே எழும்பாமல் வந்தால் தாடையில் சளி மட்டும்தான் இருக்கும், மறுபடி எடுங்கள்.

நடுவில் ஊசி உள்ள ஃபோர்செப்ஸில் ஒருமுறை உள்ளே போய் இரண்டு துண்டு எடுக்கலாம். மூன்றாவதுக்கு ஆசைப்பட்டால் முதல் துண்டு நசுங்கும் அல்லது விழுந்துவிடும். நசுங்கிய துண்டில் செல்கள் இழுத்த நூல்போல் கிடக்கும், அதைப் பார்த்து யாரும் டிஸ்பிளேசியா சொல்ல முடியாது.

ஒரு பகுதியை முழுதாகப் பார்த்து முடித்த பிறகே கிள்ளத் தொடங்குங்கள், ரத்தம் வந்துவிட்டால் சாயத்தின் பயன் போய்விடும். முதலில் சந்தேகமான இடங்கள், பிறகு 10 செ.மீ. துண்டுகள். அவற்றிலும் கீழ்ச்சுவரில் தொடங்குங்கள். மேலே முதலில் எடுத்தால் ரத்தம் வழிந்து கீழ்ச்சுவரை மூடிவிடும்.

ஸ்கோப் சுருளின்றி நேராக இருக்கும்போது சீக்கம் பெரும்பாலும் 70 முதல் 80 செ.மீ. அளவில் நிற்கும். மண்ணீரல் வளைவு 40 முதல் 50. மலக்குடல் கடைசி 15. எனவே 10 செ.மீ.க்கு ஒரு நிறுத்தம் என்றால் எட்டு நிறுத்தம், எட்டு பாட்டில், 32 துண்டு. புற்றுநோய் இடதுபக்கத்தில் கூடுதல் என்பதால் மலக்குடலிலும் அதற்கு மேலுள்ள கீழ் சிக்மாய்டிலும் 5 செ.மீ.க்கு ஒருமுறை எடுப்பவர்களும் உண்டு. பழைய நோயில் சுருங்கிப்போன குடல் 60 செ.மீ.யிலேயே முடிந்துவிடும். அங்கே 32 வரவில்லையே என்று வருந்தி ஒரே இடத்தில் எட்டு எடுக்காதீர்கள். இரண்டு நிறுத்தங்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கட்டி தெரிந்துவிட்டால்

கை பரபரக்கும், பொறுங்கள். முதலில் கழுவி, வெள்ளை ஒளியிலும் சாயத்திலும் படம் எடுங்கள். ஆசனவாயிலிருந்து எத்தனை செ.மீ., அகலம், உயரம், ஓரம் தெளிவா மங்கலா, நடுவில் புண் உண்டா, கொலைட்டிஸ் எட்டிய பகுதிக்குள்ளா வெளியிலா என்பதையெல்லாம் அங்கேயே சொல்லிக்கொண்டே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முன்பெல்லாம் டி.ஏ.எல்.எம். (டிஸ்பிளேசியாவோடு சேர்ந்த மேடு அல்லது கட்டி) என்று ஒரே சொல்லில் எழுதி நேராக அறுவைச் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். சீனிக் அந்தச் சொல்லை ஒதுக்கிவிட்டது. இன்று கேட்கும் கேள்வி, இதை ஸ்கோப் வழியாகவே முழுதாக எடுக்க முடியுமா என்பதுதான்.

ஓரம் தெளிவாக இருந்து, எடுக்க முடியும் என்று தோன்றினால் அதைப் பல துண்டாகக் கிள்ளி வைக்காதீர்கள். கொலைட்டிஸ் குடலில் சளிப்படலத்துக்கு அடியில் ஏற்கெனவே தழும்பு இருக்கும், உப்புநீர் ஏற்றினாலும் சரியாக எழும்பாது. நாம் கிள்ளிய இடத்தில் புதுத் தழும்பு சேர்ந்தால், பிறகு வெட்டி எடுக்க வரும் நிபுணருக்குக் கட்டி சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். உங்களால் ஒரே துண்டாக எடுக்க முடிந்தால் எடுங்கள். முடியாதென்றால் படத்தோடு அனுப்பிவிடுங்கள், அனுப்புவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. அடையாள மை குத்துவதென்றால் கட்டியை விட்டு ஆசனவாய்ப் பக்கமாக 3 செ.மீ. தள்ளிக் குத்துங்கள், அடியில் குத்தினால் அதுவும் தழும்பாகும்.

ஓரம் மங்கலாக இருந்தால் சுற்றியுள்ள தட்டைப் பரப்பிலும் துண்டுகள் எடுத்துத் தனி பாட்டிலில் போடுங்கள். எடுக்க முடியாத கட்டி, புண்ணான கட்டி என்றால் கட்டியிலிருந்தே போதுமான துண்டுகள் வேண்டும்.

குடல் சுருக்கம் தனி விஷயம். அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் சுருக்கம் கண்டால், இல்லையென்று நிரூபணமாகும்வரை புற்றுநோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பிலும் உள்ளேயும் நிறைய எடுங்கள். மெல்லிய ஸ்கோப்பும் நுழையவில்லையென்றால், பயாப்ஸி சுத்தமாக வந்தாலும் அறுவை மருத்துவரிடம் பேச வேண்டியிருக்கும்.

பாட்டிலும் படிவமும்

உழைப்பெல்லாம் வீணாகும் இடம் இதுதான், ஆனால் இதைக் கற்றுக்கொடுக்க யாரும் மெனக்கெடுவதில்லை.

நோயாளி அறைக்கு வரும் முன்பே எட்டு பாட்டிலில் ஃபார்மலின் ஊற்றி வரிசையாக வையுங்கள். 10% நடுநிலை பஃபர் ஃபார்மலின், திசுவைப்போல் குறைந்தது பத்து மடங்கு. லேபிள் பாட்டிலின் உடம்பில் ஒட்ட வேண்டும். மூடியில் எழுதினால், மூடி மாறும் நாளில் நோயாளியே மாறிவிடுவார். லேபிளில் பெயர், மருத்துவமனை எண், பாட்டில் எண், இடம், செ.மீ. "இடதுபக்கம்" என்று மட்டும் எழுதாதீர்கள், டிஸ்பிளேசியா என்று அறிக்கை வந்த பிறகு அந்த இடத்தைத் திரும்பத் தேட வேண்டியிருக்கும், அப்போது "40 செ.மீ." என்ற எழுத்துதான் வழிகாட்டும்.

ஒரு பாட்டிலில் நாலு துண்டுக்கு மேல் வேண்டாம். கூட்டமாகப் போட்டால் மெழுகில் ஒன்றின்மேல் ஒன்று படுத்து, சில துண்டுகள் வெட்டுக்கே வராமல் போகும். பணம் மிச்சமாகும் என்று முழுக் குடலையும் ஒரே பாட்டிலில் போடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அப்படிச் செய்தால் நோய் இருக்கிறது என்று தெரியும், எங்கே என்று தெரியாது.

துண்டை ஊசியால் குத்திப் பிடுங்காதீர்கள். தாடையைத் திறந்து ஃபார்மலினில் லேசாக அலசினால் தானே விழும், அல்லது வடிதாள் துண்டில் தொட்டு வைத்து அதோடு மூழ்கவிடலாம். காஸ் துணிமேல் வைத்துக் காயவிடக் கூடாது. ஃபார்மலினில் அலசிய ஃபோர்செப்ஸைத் தண்ணீரில் கழுவாமல் மறுபடி குடலுக்குள் விடாதீர்கள், அது சளிப்படலத்தை அரிக்கும். அடுத்த நிறுத்தத்துக்குப் போகும் முன் இரண்டு தாடையையும் திறந்து, துண்டு ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். 60 செ.மீ. துண்டு ஒன்று 50 பாட்டிலில் விழுந்தால் பிறகு தப்பான இடத்தைத்தான் தேடுவோம். செவிலியர் ஒவ்வொரு துண்டுக்கும் வாய்விட்டு எண்ண வேண்டும்: "ஐம்பது, ஒண்ணு... ஐம்பது, ரெண்டு... சார், நாலாச்சு, அடுத்தது நாற்பது."

படிவத்தில் "யு.சி., டிஸ்பிளேசியா?" என்ற இரண்டு சொல்லோடு (யு.சி. என்றால் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்) நிறுத்தாதீர்கள். எத்தனை ஆண்டு நோய், அதிகபட்சப் பரப்பு, இன்று அழற்சி எவ்வளவு, என்ன மருந்து, பி.எஸ்.சி. உண்டா, முன்பு டிஸ்பிளேசியா வந்ததா, எந்த பாட்டில் குறிபார்த்து எடுத்தது, எது இடம் பாராமல் எடுத்தது என எல்லாம் எழுதுங்கள்.

அறிக்கை வந்த பிறகு

1983இல் ரிடெல் குழுவினர் வகுத்த பிரிவுதான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: இல்லை, உறுதியில்லை, குறைந்த தரம், உயர்ந்த தரம். எந்தத் தர டிஸ்பிளேசியா வந்தாலும், முடிவெடுக்கும் முன் குடல் நோயியலில் தேர்ந்த இன்னொருவர் அந்த ஸ்லைடைப் பார்க்க வேண்டும். குறைந்த தரத்தில் இரண்டு நிபுணர்கள் ஒத்துப்போகாதது சர்வசாதாரணம்.

"உறுதியில்லை" என்றால் அழற்சியை அடக்கிவிட்டு 3 முதல் 12 மாதத்துக்குள் மறுபடி பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்த கட்டி முழுதாக எடுக்கப்பட்டிருந்தால் குடலை அகற்ற வேண்டியதில்லை, கண்காணிப்பு தொடரும். 2 செ.மீ.க்கு மேற்பட்டதாகவோ உயர்ந்த தரமாகவோ துண்டு துண்டாக எடுத்ததாகவோ இருந்தால் அடுத்தது 3 முதல் 6 மாதத்தில். இடம் பாராமல் எடுத்த துண்டில் மட்டும் டிஸ்பிளேசியா வந்தால், அனுபவமுள்ளவர் உயர் தெளிவு ஸ்கோப்பும் சாயமும் வைத்து அதே செ.மீ.யில் தேட வேண்டும். "தெரியாத" டிஸ்பிளேசியாவில் ஒரு பகுதி இப்படித் தேடும்போது தெரிந்துவிடும். அப்போதும் தெரியாமல், உயர்ந்த தரம் அல்லது பல இடங்களில் குறைந்த தரம் என்று உறுதியானால், குடலை அகற்றுவது பற்றி நோயாளியோடும் அறுவை மருத்துவரோடும் பேச வேண்டிய நேரம் அது. ஒரே இடத்தில் குறைந்த தரம் என்றால் நெருக்கமான கண்காணிப்பா அறுவையா என்பதை அவரோடு உட்கார்ந்து முடிவு செய்யலாம்.

நோயாளி வீடு திரும்பும்போது மூன்று செய்தி. மெத்திலீன் நீலம் தெளித்திருந்தால் ஓரிரு நாள் சிறுநீர் நீலப்பச்சையாகப் போகும், பயப்பட வேண்டாம். முதல் ஓரிரு முறை மலத்தில் ரத்தத் துளி தெரியலாம். கட்டி கட்டியாக ரத்தம், விடாத வயிற்றுவலி, காய்ச்சல் என்றால் உடனே வர வேண்டும். மூன்றாவது, பயாப்ஸி அறிக்கை வாங்க வேண்டிய தேதி. அதைப் பேனாவால் அவருடைய சீட்டிலும் எழுதுங்கள், உங்கள் பதிவேட்டிலும் எழுதுங்கள்.